சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை: சேரியின் நிலமும் சட்டத்தின் ஒரு வரியும்

நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகைகளில் ஊர்களின் பெயர்கள் உண்டு. சேரிகளின் பெயர்கள் இருப்பதில்லை. சென்னையிலிருந்து பெங்களூரு செல்வோர் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வாசித்துக்கொண்டே போகிறார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வயலுக்கு அப்பாலோ ஏரிக்கரையை ஒட்டியோ காலனிகள் இருக்கின்றன. அவற்றைப் பலகையும் காட்டுவதில்லை, திட்ட வரைபடமும் காட்டுவதில்லை.

இக்கட்டுரையில் இந்தச் சாலையையும், இதற்கு வடக்கே புதிதாக அமைக்கப்பட்டு வரும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையையும் எடுத்துக்கொள்கிறோம். இவ்விரு தடங்களிலும் வாழும் தலித் மக்களுக்கு நிலத்தோடும் உழைப்போடும் உள்ள உறவு எப்படிப்பட்டது, சாலை வரும்போது அந்த உறவுக்குச் சட்டம் என்ன மதிப்புத் தருகிறது என்பதே நம் கேள்வி. நெடுஞ்சாலைக்காக நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கு மாற்று நிலம் தரப்பட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை அறிந்தவர்கள் மிகச் சிலர். அந்த வரியைப் பரவலாக்குவதும் இதை எழுதுவதன் நோக்கங்களில் ஒன்று.

தடம்

கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னைக் கோட்டையிலிருந்து மேற்கே சென்ற இச்சாலைக்கு மேற்குப் பெருஞ்சாலை என்று பெயர். படைகளும் பீரங்கிகளும் ஏறி இறங்கிய வழி இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ இதே திசையில்தான் ஓடியது. விடுதலைக்குப் பின் பகுதி பகுதியாகத் தேசிய நெடுஞ்சாலை 4, 46, 7 என்றானது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் 5,846 கி.மீ. தங்க நாற்கரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு அகலமானது. 2010-இல் நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டபோது 48 ஆனது. பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி வரை, ஸ்ரீநகர்–கன்னியாகுமரிச் சாலையான 44-உம் இதே தடத்தில்தான் வருகிறது.

புதிய விரைவுச்சாலை பெங்களூருவுக்குக் கிழக்கே உள்ள ஹொசகோட்டையில் தொடங்கி, மாலூர், கோலார் தங்கவயல் வட்டாரம், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம், பிறகு தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை, அரக்கோணம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடைகிறது. நீளம் சுமார் 260 கி.மீ. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் உள்ள ஏறத்தாழ 71 கி.மீ. பகுதி முதலில் முடிந்தது. பழைய சாலையை அகலப்படுத்தும் திட்டம் அல்ல இது. வயல், ஏரி, மேய்ச்சல் தரை, புறம்போக்கு ஆகியவற்றின் ஊடே புதிதாக வகுந்தெடுக்கப்பட்டது. நெருக்கமாகக் கட்டடங்கள் உள்ள ஊர்ப்பகுதியையும் விலை மிகுந்த மனையையும் தவிர்த்தால் திட்டச் செலவு குறையும். அப்படித் தவிர்க்கும் கோடு, ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட குடியிருப்புகளின் பக்கமே சாயும். எந்தப் பொறியாளரும் சாதி பார்த்துக் கோடு போட்டார் என்று நாம் சொல்லவில்லை. சாதி ஏற்கெனவே வகுத்து வைத்த நிலப்பரப்பில் சிக்கனம் பார்த்துக் கோடு போட்டாலே போதும் என்கிறோம்.

செங்கல்பட்டுச் சீமையின் நிலம்

ஸ்ரீபெரும்புதூர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை, பறையர் மக்கள் குடியிருக்கும் மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல் மிராசுதாரர்களின் தயவில் வாழ்ந்ததைப் பதிவு செய்தது. தரிசு நிலம் கேட்டு அவர்கள் மனுக் கொடுத்தாலும் மிராசுதாரரின் முன்னுரிமை குறுக்கே நின்றது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையுடன் ஒப்படை செய்யப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவையே நிபந்தனைகள்.

நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் கைமாறியது. 1994 அக்டோபரில் மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய தலித்துகள் மீது செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் கொல்லப்பட்டனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலை எழுந்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்பேட்டைகளாயின. சாலை அகலமாக, நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறிய நிலத்தில் எவ்வளவு பஞ்சமி நிலம், அது இன்று யார் பெயரில் உள்ளது என்பது சாலைத் திட்டத்தோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பஞ்சமி நிலம் ஒன்று நெடுஞ்சாலைக்காக எடுக்கப்படும்போது, சட்டவிரோதமாக அதை வாங்கியவரின் பெயரில் பட்டா இருந்தால், இழப்பீடும் அவர் கணக்குக்கே போய்ச் சேரும் ஆபத்து உண்டு. முதலில் நிலம் போனது; பிறகு அந்த நிலத்தின் விலையும் போகிறது.

இதைத் தடுக்க ஒரே வழி ஆவணம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் ‘டி.சி.’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. ஆகவே இன்றைய பதிவேட்டில் குறிப்பு இல்லை என்பதோடு நின்றுவிடாமல், அதற்கு முந்தைய பதிவேட்டையும் பழைய புல எண்ணையும் தேடிப் பார்ப்பது அவசியம்.

தோலும் பாலாறும்

ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை சாலையும் பாலாறும் ஒன்றையொன்று விடாமல் வருகின்றன. ஆம்பூர் என்றால் பயணிகளுக்குப் பிரியாணி. அங்கு வாழ்வோருக்குத் தோலும் காலணியும். தோல் வணிகம் பெரும்பாலும் இஸ்லாமிய வணிகக் குடும்பங்களின் கையில் வளர்ந்தது. தொட்டிகளில் இறங்கித் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சாயமேற்றும் உழைப்பில் பெரும்பங்கு தலித்துகளுடையது. காலணித் தொழிற்சாலைகள் பெருகிய பின் தலித் பெண்கள் பெருந்திரளாக அவற்றில் சேர்ந்தனர். மேல்தோல் தைக்கும் வேலை வீடுகளுக்கும் வந்தது. கம்பெனிப் பேருந்துகள் விடியலில் காலனி முனைகளில் நின்று பெண்களை ஏற்றிச் செல்லும் காட்சி இச்சாலையில் அன்றாடம்.

தலைமுறை தலைமுறையாக இழிதொழில் என்று ஒதுக்கப்பட்ட வேலை, ஏற்றுமதித் தொழிலான பிறகும் அதன் நச்சு உழைத்தவர்கள் பக்கமே தங்கியது. வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிட்டு, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக்கியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமிய ஆலை ஒன்று விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மேடாகக் கிடந்தது. 2015 ஜனவரி இறுதியில், அவ்வூர்த் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நெடுஞ்சாலை, சரக்கை விரைவாகத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. கிணற்று நீரை அதனால் திருப்பித் தர முடியவில்லை.

இதே வாணியம்பாடி வட்டத்தில்தான் நாராயணபுரம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்லும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தால் மறிக்கப்பட்டதால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளி பரவிய பின் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மாவட்ட நிர்வாகம் அம்மக்களுக்குத் தனியாக ஓர் இடத்தை ஒதுக்கியது. பொதுப்பாதையைத் திறந்துவிடவில்லை, தனி இடம் கொடுத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். பாலம் ஊர்ப்பாலம்தான், தேசிய நெடுஞ்சாலைப் பாலம் அல்ல. ஆனால் ஒரு சாலைத் திட்டத்தின் நில அளவையில் பதிவாகும் வழிகள் வருவாய் வரைபடத்தில் உள்ள வழிகளே. சேரியிலிருந்து சுடுகாட்டுக்கும், ஏரிக்கும், ஊர்ப் பள்ளிக்கும் மக்கள் நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள் வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாத பாதைக்குச் சுரங்கப்பாதை கட்டப்படுவதில்லை. அணுகல் கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலையின் இருபுறமும் வேலி. குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே ஏற முடியும். சுடுகாடு மறுபக்கம் போய்விட்டால், பிணத்தைச் சுமந்துகொண்டு அடுத்த சுரங்கப்பாதை வரை நடக்க வேண்டும். அந்தச் சுரங்கப்பாதை ஆதிக்கச் சாதித் தெரு வழியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

பழைய சாலையில் வேலி இல்லாத இடங்களில் மக்கள் குறுக்கே நடக்கிறார்கள்; சாகிறார்கள். நாட்டின் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில், 2022-ஆம் ஆண்டின் 1,68,491 சாலை மரணங்களில் 61,038 நேர்ந்தன. அவ்வாண்டு எல்லாச் சாலைகளிலுமாக இறந்த பாதசாரிகள் மட்டும் 32,825 பேர். அதே ஆண்டில் எண்ணிக்கையில் மிக அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை இறந்தவரின் வயது, பாலினம், சென்ற வாகனம் ஆகியவற்றைப் பிரித்துச் சொல்கிறது. சமூகப் பிரிவைச் சொல்வதில்லை. விபத்துக்குச் சாதி ஏது என்பார்கள். குறுக்கே நடந்துதான் தீர வேண்டும் என்ற கட்டாயத்துக்குச் சாதி உண்டு.

தங்கவயல்

விரைவுச்சாலை தொட்டுச் செல்லும் கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் வட ஆற்காட்டுச் சேரிகளின் நீட்சி. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, மண்ணுக்கடியில் இறங்க ஆட்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போனார்கள். மிராசுதாரரிடமிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பியவர்கள் அவர்களில் பலர். ஆபத்தான வேலை, ஆனாலும் மாதக் கூலி ரொக்கமாகக் கிடைத்தது. அந்த ரொக்கம் என்ன செய்தது என்பதற்கு வரலாறு உண்டு. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டுக் காத்தது. நூறாண்டுகளுக்குப் பின் அவரை நாம் வாசிக்க முடிவதற்குச் சுரங்கத் தொழிலாளரின் காசும் ஒரு காரணம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. லைன் வீடுகளும், காற்றில் பறக்கும் சயனைடு மண்மேடுகளும் எஞ்சின. விடியற்காலை ரயிலில் பெங்களூரு சென்று இரவில் திரும்பும் வாழ்க்கை பல்லாயிரம் குடும்பங்களுடையது ஆயிற்று. இப்போது அவர்களுக்கு அருகிலேயே மிக அகன்ற சாலை. ஆனால் அது யாருடைய வாகனத்துக்கானது? பெங்களூரு–மைசூரு அணுகல் கட்டுப்பாட்டுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் தடை செய்யப்பட்டன. பாதுகாப்பு என்பது காரணம். அது பொய்யான காரணமும் அல்ல. ஆயினும் ஒரு தொழிலாளர் குடும்பத்திடம் இருக்கும் வாகனம் எதுவோ அதுவே அச்சாலைக்கு ஒவ்வாத வாகனம். ரயிலையும் பேருந்தையும் பெருக்காமல் போடப்படும் விரைவுச்சாலை, தங்கவயலுக்கு வேடிக்கை பார்க்கும் பொருளாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கப்படுவது 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. 3ஏ பிரிவின் கீழ் முதல் அறிவிக்கை வரும். அது வெளியான 21 நாட்களுக்குள், நிலத்தில் உரிமை அல்லது நலன் உள்ள எவரும் 3சி பிரிவின்படி எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பின்னர் 3டி அறிவிக்கை வந்ததும் நிலம் அரசுக்கு உரியதாகிவிடும். 3ஜி பிரிவில் இழப்பீடு முடிவாகும். போதாது என்று கருதினால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் முறையிடலாம். 3ஏ அறிவிக்கை வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் அது காலாவதியாகும்.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இதில் எங்கே வருகிறது என்பதில் பலருக்குக் குழப்பம். அச்சட்டத்தின் 105-ஆம் பிரிவு நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட 13 மத்தியச் சட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ஆனால் 2015 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி, இழப்பீட்டைக் கணக்கிடும் முதல் அட்டவணையும், மறுவாழ்வு–மறுகுடியமர்வைச் சொல்லும் இரண்டாம் அட்டவணையும், அடிப்படை வசதிகளைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையும் அந்த 13 சட்டங்களுக்கும் பொருந்தும். அந்த ஆணையின் சொற்கள் அட்டவணைகளோடு நிற்கின்றன. சமூகத் தாக்க மதிப்பீடும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தனிப் பாதுகாப்புகளைக் கூறும் 41-ஆம் பிரிவும் வெளியே நின்றுவிட்டன. இது பெரிய இழப்பு.

வெளியே நிற்காத ஒன்று இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ‘நிலத்துக்கு நிலம்’ என்ற தலைப்பில், பாசனத் திட்டங்களுக்கான பொது விதிக்குப் பின் ஒரு காப்புரை வருகிறது. எந்தத் திட்டமானாலும், அதில் நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், எடுக்கப்பட்ட நிலத்துக்குச் சமமான நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இரண்டில் எது குறைவோ அது வழங்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். 2015 ஆணையோடு சேர்த்து வாசித்தால், நெடுஞ்சாலையும் ‘எந்தத் திட்டமானாலும்’ என்பதில் அடங்கும். அரை ஏக்கர் இழந்தவருக்கு அரை ஏக்கர். பணம் கொடுத்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்று நில எடுப்பு அலுவலகம் சொன்னால் அது சட்டத்தின் பாதியை மட்டுமே சொல்வதாகும்.

நிலமே இல்லாதவர்களுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. நிலம் எடுக்கப்படுவதற்கு முன் மூன்று ஆண்டுகளாக அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த வேளாண் தொழிலாளியும் குத்தகைதாரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். பட்டா இல்லாத மனையில் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து குடியிருந்தவருக்கும் வீடு உண்டு. நடைமுறைச் சிக்கல் எங்கென்றால், கூலியாள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. யார் வயலில் உழைத்தார் என்பதற்குச் சான்று தர வேண்டியவர் பெரும்பாலும் அந்த வயலின் உரிமையாளரே.

சித்தூர் மாவட்டப் பகுதிக்கு இன்னொரு செய்தி பொருந்தும். அரசு ஒப்படை செய்த நிலம்தானே என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ கூடாது, முழு உரிமையாளருக்கு உரிய அளவே தர வேண்டும் என்று 2004-இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு தீர்ப்பளித்தது. அங்கு தலித்துகளிடம் உள்ள நிலத்தில் கணிசமானது ஒப்படை நிலமே என்பதால் இத்தீர்ப்பின் பயன் பெரிது. பழைய சாலையில் தங்க நாற்கரக் காலத்தில் நிலம் இழந்தவர்களுக்கும் ஒரு கதவு திறந்தது. ஆறுதல் தொகையையும் வட்டியையும் மறுத்த 3ஜே பிரிவை 2019-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. 1997-க்கும் 2015-க்கும் இடையே நிலம் எடுக்கப்பட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்பதை 2025 பிப்ரவரியில் உறுதிப்படுத்தியது.

ஒரு பெரும் பிரிவினர் மட்டும் இன்னும் வெளியே நிற்கின்றனர். வேலூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் ஆற்காடு மிஷன் காலம் முதல் கிறித்துவத்தைத் தழுவிய தலித் குடும்பங்கள் ஏராளம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர். ஒரே காலனியில், ஒரே புல எண்ணின் இரு உட்பிரிவுகளை இழக்கும் அண்டை வீட்டார் இருவரில் ஒருவருக்கு நிலத்துக்கு நிலம். மற்றவருக்குப் பணம் மட்டும். சேரியின் எல்லை இருவருக்கும் ஒன்றுதான்.

ஆட்சேப மனு எழுதும் நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இது. புல எண், உட்பிரிவு, அனுபவம், சாகுபடி ஆகியவற்றோடு நில்லாமல், பதிவேட்டின் டி.சி. குறிப்பையும், நடைபாதைகளையும், சுடுகாட்டு வழியையும், குளத்து வழியையும் கையால் வரைந்த வரைபடத்துடன் இணையுங்கள். இரண்டாம் அட்டவணையின்படி நிலமே வேண்டும் என்று எழுத்தில் கோருங்கள். மனுவின் நகலில் தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். 21 நாட்கள் அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. காலனிக்குச் செய்தி வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல.